ஆறு தூர் ஓநாய்கள்

நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. ஆனால் பிரெஞ்சில் அச்சடித்த, செங்கல் கனமுள்ள ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அடித்துவிட்டு, அதன்மேல் நான் சொன்ன சட்டத்தை எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டியவர் என் மாப்பிள்ளை. அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு விளையாடியவர்களில் ஒருவர் கணக்கு வாத்தியார். படிக்காதவன் சொன்ன சட்டத்தைப் படித்தவர்கள் ஒத்துக்கொண்டது புதுச்சேரியில் வேறெங்காவது நடந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பெருமைக்காக மட்டும் இதை எழுதவில்லை. பெருமையும் உண்டு, இல்லையென்றால் பொய். ஆனால் அந்தச் சட்டம் எழுதாமல் போயிருந்தால் என் ஒரே மகள் பிரான்சுக்குப் போயிருப்பாள். அப்படிப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். முதலில் வருஷம் ஒரு தடவை வருவார்கள். அப்புறம் கல்யாணத்துக்கு வருவார்கள். அப்புறம் போன்தான் வரும்.

என் தொழில் பந்தல். சின்ன வயதில் சவுக்குக் கழி சுமக்கும் ஆளாக ஆரம்பித்தேன். இப்போது சாரம் பகுதியில் எனக்கு இரண்டு ஷெட்டு, சொந்த லாரி. ரெட்டியார்பாளையத்தில் மாடி வைத்த வீடு. நான் பந்தல் போடாத தெரு ஊருக்குள் குறைவு. காலி இடத்தை ஒரு நடை நடந்து பார்த்தால் போதும், எத்தனை கழி, எத்தனை ஆள், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிடுவேன். முக்கியமாக ஆள். கூப்பிட்டால் வருவார்கள். நான் கூப்பிட்டு வராத ஆள் இல்லை.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பிரான்ஸ் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் காத்துக் கிடப்பார்கள். பெண் அங்கே போய்விடலாம் என்றுதான். எனக்குத் தலைகீழாக வாய்த்தது. இவர் இங்கே பிறந்து, நாலு வயதில் பெற்றோரோடு அங்கே போனவர். வளர்ந்தபின் ஊர் பார்க்க வந்தவருக்கு, பெரிய ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் என் மகளைப் பிடித்துப் போயிற்று. அவளுக்கும் பிடித்தது. அவர் கட்டடப் படம் வரைபவர். கம்ப்யூட்டரில் வரைந்து அங்கே உள்ள கம்பெனிக்கு இங்கிருந்தே அனுப்பலாம் என்றார். இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் இருக்கும், அப்போது எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த முதல் மாடி என் மாடிதான். "ஒரு வருஷம் பாக்கறோம். ஒட்டலன்னா போயிடுவோம்" என்று மகள் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். ஒரு வருஷத்தில் ஒட்டவைத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். மாடிக்கு ஏசி போட்டேன். வஞ்சிரம் வாங்கிவந்து பொரிக்கச் சொன்னேன். மனிதர் "நன்றி மாமா" என்பார். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேச்சு வராது.

அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் சிரிப்பார். கீழே எனக்குக் கேட்கும்.

மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் போனேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர். மாப்பிள்ளை, என் மகள், அவளோடு லேபில் வேலை செய்யும் சிநேகிதி, சாரத்தில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார். வாத்தியார் மாப்பிள்ளையிடம் பிரெஞ்சு கற்றுக்கொள்ள வந்து, விளையாட்டில் மாட்டிக்கொண்டவர். சிநேகிதிக்கு அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வாய் அந்தப் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

மேசையில் காகிதமும் பென்சிலும், இருபது முகம் வைத்த ஒரு பகடையும் கிடந்தன. என் மகள் எழுந்து நின்று, "நான் வாள உருவுறேன்" என்றாள். கையில் பென்சில்தான் இருந்தது.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்வார்: இது ஒரு தேசம், இது ஒரு கோட்டை, வாசலில் பூதம் நிற்கிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். என் மகள் வாள் வீராங்கனை, சிநேகிதி திருடி, வாத்தியார் வைத்தியர். பூதத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கதை சொல்பவர் கேட்பார். நினைத்ததைச் சொல்லிவிட்டுப் பகடை போட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. அவரவர் முறை மேசையைச் சுற்றி வரும். கதை சொல்பவரை மாப்பிள்ளை பிரெஞ்சில் 'மேத்ரு' என்றார்.

"மேஸ்திரின்னு சொல்லுங்க மாப்ள, நமக்குப் புரியும்" என்றேன். அன்றிலிருந்து அவர் மேஸ்திரிதான். கழி சுமந்த காலத்துக்கப்புறம் நான் ஒருவருக்குக் கீழே ஆளாக உட்கார்ந்தது அந்த மேசையில்தான்.

"ஒங்களுக்கு என்ன வேஷம் வேணும் மாமா?"

"வேல செய்யாத வேஷம் எது இருக்கு?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "ஒருத்தன் இருக்கான். மந்திரவாதி. அவன் சண்டைக்குப் போக மாட்டான். மிருகங்கள கூப்பிட்டு அனுப்புவான்."

"அது நான்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முதல் நாளே மூன்று ஓநாய்களைக் கூப்பிட்டேன். வந்தன. என் மனைவி டீ கொண்டுவந்தவள் அதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"வெள்ளிக்கெழம வெளக்கேத்துற வூடு இது. மாடியில ஒக்காந்து ஓநாய கூப்புடுறீங்களே, நெஜமாவே வந்துட்டா?"

"வந்தா கழி தூக்க விடுறேன். நீ டீய குடு."

அப்போதுதான் மாப்பிள்ளை அந்தச் சட்டத்தைச் சொன்னார். புத்தகத்தில் விரல் வைத்துப் படித்து, "கூப்பிட்டது ஆறு தூர் இருக்கும் மாமா. அப்புறம் போயிடும்" என்றார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பிரெஞ்சு நாக்கில் நம்ம 'ட' வராது என்பது எனக்குத் தெரியும். ஊரில் இத்தனை பேரோடு பழகியவனுக்கு அது தெரியாதா? மாப்பிள்ளை டாக்சியைத் தாக்ஸி என்பார், டிக்கெட்டைத் திக்கே என்பார். அப்படியானால் தூர் என்றால் டூர். ஆறு டூர். அதாவது ஆறு தடவை ஊருக்குப் போய்வரும்வரை இந்த ஓநாய்கள் என்னோடு இருக்கும். நல்ல சட்டம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலிலும் வெளியூர் வேலைக்கு ஆள் பேசினால் இத்தனை நடை என்றுதான் பேசுவோம்.

கதையில் துறைமுகத்துக்குப் போய்வந்தோம். ஒரு டூர். என் நோட்டில் ஒரு கோடு போட்டேன். மலைக்கோட்டைக்குப் போய்வந்தோம். இரண்டாவது கோடு. ஓநாய்கள் கூடவே வந்தன. ஆறு கோடு ஆவதற்கு மாதக்கணக்கில் ஆகும் போலிருந்தது. அதற்கிடையில் சும்மா இருப்பேனா? வாரா வாரம் கூப்பிட்டேன். கரடி, இரண்டு கழுகு, காட்டுப்பன்றி, இன்னும் ஓநாய். இரண்டு மாதத்தில் என்னிடம் இருபத்துமூன்று உருப்படி சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் புளியங்கொட்டை வைத்து மேசையில் பரப்பினேன். பார்க்கவே கண் நிறைந்தது.

என் முறை வந்தால் இருபத்துமூன்றும் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் எங்கே நகர்கிறது, யாரைக் கடிக்கிறது, அதற்கு ஒரு பகடை, கடித்தால் எவ்வளவு காயம், அதற்கு இன்னொரு பகடை. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எழுதுவார். மூன்று மணிக்கு என் முறை ஆரம்பித்தால் நாலரைக்கு முடியும். அதற்குள் எதிரி எலும்பாகக் கிடப்பான். வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவார். சிநேகிதி பால்கனியில் போய் நிற்பாள்.

ஒருநாள் என் முறை முடிந்து அவளைக் கூப்பிட்டோம். வந்து உட்கார்ந்து, "விழுப்புரம் பஸ்ஸு பதினொண்ணு போச்சு பெரியப்பா. ஒங்க கழுகு எறங்கிட்டுதா இல்ல இன்னும் பறக்குதா?" என்றாள்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. வீட்டில் காய்ச்சலாம். அதற்கடுத்த வாரம் வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலையாம். மூன்றாவது வாரம் மேசையில் நாங்கள் மூன்று பேர்தான். மாப்பிள்ளை பகடையைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு, மூடி, டேப் ஒட்டினார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் இறங்கி வந்தாள். வேலைக்குக் கிளம்பும் உடையில் இருந்தாள், உட்காரவில்லை.

"அப்பா, அவரு கம்பெனிலேந்து எழுதியிருக்காங்க. நேர்ல வந்து சேரச் சொல்றாங்க. வர்ற திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"முடியாதுன்னு சொல்லட்டும்."

"அவரு போலாங்கிறாரு."

"இங்க இன்னா கொறச்சல்? ஏசி இல்லியா, மீனு இல்லியா?"

"ஒரு கொறச்சலும் இல்லப்பா. பேச ஆளில்ல. தெருவுல அவர பிரான்ஸ்காரருங்கிறாங்க. அங்க போனா இந்தியன்ங்கிறாங்க. ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம்தான் அவரு வாய்விட்டு சிரிச்சாரு. இப்ப அதுவும் போச்சு."

"எப்பிடிப் போச்சு?"

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றாள்.

"ஒங்க ஓநாயாலதாம்பா."

ஷெட்டுக்குப் போனேன். வேலை ஓடவில்லை. ஆள்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களாகவே வேலை பார்த்தார்கள். அன்று பள்ளிக்கூடத்துக்கு ஏதோ லீவு, மத்தியானம் வாத்தியார் வீட்டுக்கு நடந்தேன். நான் யார் வீட்டுக்கும் போய் நிற்கிற ஆள் இல்லை. மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவர்கள் ஆளனுப்பிக் கூப்பிட்டபிறகுதான் போனேன். அன்று வாத்தியார் வீட்டு வாசலில் நான் நின்றதைச் சாரத்தில் பாதிப் பேர் பார்த்தார்கள்.

முதலில் மனிதர் பள்ளிக்கூடம், பரீட்சை என்று மழுப்பினார். நான் விடவில்லை.

"வாத்தியாரே, நேரா சொல்லுங்க. நான் கோச்சுக்க மாட்டேன்."

"கோச்சுக்குவீங்கண்ணே."

"மாட்டேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் அதுல வைத்தியன்ணே. காயம் பட்டாத்தான் எனக்கு வேல. ரெண்டு மாசமா நம்ம பக்கம் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழல. ஒங்க மிருகமே எல்லாத்தையும் தின்னுடுது. ஒங்க பொண்ணு வாளு உருவி எத்தன வாரம் ஆச்சு தெரியுமா? நாங்க எதுக்குண்ணே வர்றது, புளியங்கொட்ட எண்ணவா?"

"மாப்ள ஒண்ணும் சொல்லலியே?"

"அவரு எப்பிடி சொல்லுவாரு? நீங்க மாமனாரு."

திரும்பி வரும்போது வெயில் கொளுத்தியது. ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். நடந்தே வந்தேன். எனக்கு வாத்தியார்மேல் கோபம் இல்லை. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் இல்லை. பந்தல் வேலையில் ஆள் அதிகமானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பத்துப் பேர் செய்யும் வேலைக்கு முப்பது பேரைக் கூப்பிட்டால் இருபது பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், உண்மையாக வேலை தெரிந்தவன் கோபித்துக்கொண்டு போய்விடுவான். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நேராக மாடிக்குப் போனேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் யாரோ ஒருவருடைய சமையலறையை வரைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் நோட்டைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

"மாப்ள, என்னோடது கொஞ்சம் அதிகமாயிடுச்சின்னு கேள்விப்பட்டேன். ஆனா நான் சட்டப்படிதான் வச்சிருக்கேன். இதோ பாருங்க, மொத ஓநாய்க்கு நாலு கோடு. இன்னும் ரெண்டு டூர் பாக்கி இருக்கு."

"டூரா?"

"ஆமா, நீங்க சொன்ன டூரு. தொறமுகத்துக்குப் போனமே, அது ஒண்ணு. மலைக்கோட்டை ஒண்ணு…"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "மாமா, அது தூர். பிரெஞ்சு வார்த்த. சுத்து!" ஆள்காட்டி விரலால் மேசையை ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "எல்லாரும் ஒரு தடவ ஆடி முடிச்சா ஒரு தூர். ஆறு சுத்து. அவ்ளோதான். பத்து நிமிஷம்."

இரண்டு மாதம் வைத்துச் சோறு போட்டது பத்து நிமிஷ ஆள்களுக்கு. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப ஏன் மாப்ள சொல்லல?"

அவருக்கு முகம் சிவந்தது. "நீங்க கோடு போடுறத பாத்தேன். இது ஒங்க வீட்டு வழக்கம்னு நெனச்சேன். அங்க அப்பிடி உண்டு மாமா. புத்தகத்துல ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு வீட்டுலயும் அவங்களுக்குன்னு ஒரு சட்டம் இருக்கும். வீட்டு சட்டம்னு சொல்வாங்க. இது ஒங்க வீடு. ஒங்க வீட்டுல நான் எப்பிடி…"

முடிக்கவில்லை. எனக்கு முடிக்கத் தேவையில்லை. ஒரு வருஷமாக அந்த மனிதர் என் வீட்டில் எதற்கும் 'நன்றி மாமா' மட்டும் சொன்னதன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. ஏசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரியில் அணைத்துவிடுவாராம்.

"சரி, வீட்டு சட்டம்தான? போடுவோம்" என்றேன். "எழுதுங்க."

அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்துப் புத்தகத்தை எடுத்தார்.

முதலில் தூர். ஆறு சுத்து என்றால் ஆறுதான், ஆனால் யார் எண்ணுவது? என் நோட்டு இனி செல்லாது. வந்த மிருகத்துக்கு முன்னால் ஆறு புளியங்கொட்டை வைப்போம், முறை என்னிடம் திரும்பி வரும்போதெல்லாம் ஒன்றை எடுப்போம், கொட்டை தீர்ந்தால் ஆள் கிளம்பிவிட வேண்டும் என்றேன். எழுதினார். பழைய ஆளை அனுப்பாமல் புது ஆளைக் கூப்பிடக் கூடாது என்றேன். அதையும் எழுதினார். கூப்பிட்டுவிட்டு நின்று யோசிக்கக் கூடாது, என்ன வேலை என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும், மற்றவர்கள் ஆடும் நேரம்தான் நான் யோசிக்கும் நேரம் என்றேன். தலையாட்டினார்.

"அப்புறம், கும்பலுக்கு ஒரே பகடை. எட்டுப் பேரு ஒரு கம்பத்த தூக்கும்போது எட்டு தடவையா தூக்குன்னு சொல்வேன்? ஒரு கொரல்தான்."

பென்சில் நின்றது. "இல்ல மாமா. தப்பு."

என்னை அந்த வீட்டில் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். என் மனைவி சொன்னதுண்டு, அது கணக்கில் இல்லை.

"எட்டு ஓநாய்க்கு ஒரு பகடை போட்டா, விழுந்தா எட்டும் கடிக்கும், விழலன்னா எட்டும் சும்மா நிக்கும். பூதம் ஒரே அடியில செத்துடும், இல்லாட்டி ஒங்க ஆளு மொத்தமும் வீண். வெளையாட்டே போயிடும்."

"அப்ப ஒரு தடவைக்கு எத்தன மிருகம்?"

"ரெண்டு."

"மாப்ள, ரெண்டு பேர வச்சி ஒரு பந்தக்கால்கூட நட முடியாது."

"சரி, மூணு. மூணுக்கு மேல ஒங்கள நான் விட மாட்டேன்."

குரல் உயர்ந்திருந்தது. கீழேயிருந்து என் மனைவி, "இன்னாங்க அங்க சண்ட?" என்றாள். "சட்டம் பேசிக்கினு இருக்கோம், போ!" என்று சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

கடைசிச் சட்டம் நானாகச் சொன்னது. சொல்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாத்தியார் கேட்டது மனதில் இருந்தது, புளியங்கொட்டை எண்ணவா என்று.

"கூப்புடுறது நான். வந்ததுக்கப்புறம் வேல வாங்குறது நான் இல்ல. மேசையில யாருக்கு அன்னிக்கு வேல கம்மியோ அவங்க கையில குடுத்துடணும். ஓநாய அவங்க ஓட்டட்டும்."

"நெஜமாவா மாமா?"

"எழுதுங்கன்னா எழுதுங்க."

என் ஆளை இன்னொருவர் வேலை வாங்க இன்றுவரை நான் விட்டதில்லை. போட்டிக் காண்ட்ராக்டர்கள் கேட்டும் விட்டதில்லை. அவருக்கு அது தெரியாது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, தமிழும் பிரெஞ்சும் கலந்து எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கையெழுத்து எனக்கு நன்றாக வரும்.

வாத்தியாரை நானே போய்க் கூப்பிட்டேன். சிநேகிதிக்கு மகள் லேபில் சொன்னாள். "பெரியப்பாவோட மிருகம் எல்லாம் ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். மறுநாள் திங்கள். பதில் சொல்ல வேண்டிய நாள். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கதையில் ஒரு பாலம். மறுகரைக்குப் போக வேண்டும். பாலத்தில் ஈட்டியோடு நாலு காவல்காரர்கள். என் முறை வந்தது. "ஒரு கரடிய கூப்புடுறேன். வேல: பாலத்த தாண்டணும்" என்றேன். ஆறு கொட்டையை வைத்தேன். வைத்துவிட்டு அதைச் சிநேகிதியின் பக்கம் தள்ளினேன். கை கொஞ்சம் தயங்கியது, ஆனாலும் தள்ளிவிட்டேன்.

"எனக்கா?" என்றாள். கொட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி. என் கரடி தலையில ஒரு கூடைய வச்சிக்கினு பாலத்தாண்ட நடந்து போவுது. காவக்காரன் நிறுத்துனா, சங்கரா மீனு வேணுமான்னு கேக்கும்."

"கரடி பேசாது!" என்றார் மாப்பிள்ளை.

"பேச வேணாம்ணே. மொறச்சா போதும். எங்கம்மா அப்பிடித்தான் விப்பாங்க."

பகடையை உருட்டினாள். இருபது விழுந்தது. மேசை அதிர்ந்தது. வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். நாலு காவல்காரர்களும் மீன் வாங்கக் கூடைக்குள் குனிந்தார்கள் என்று மாப்பிள்ளை சொல்ல முயன்று, முடியாமல், நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டு குலுங்கினார். தோள் மட்டும் ஆடியது. கண்ணாடி கழன்று புத்தகத்தின்மேல் விழுந்தது.

அப்புறம் கைகலப்பு. என் மகள் வாளை உருவினாள். ஒருவனுடைய ஈட்டி என் மந்திரவாதியின் தொடையில் பாய்ந்தது. எனக்கு நிஜமாகவே சுருக்கென்றது. வாத்தியார் பாய்ந்து வந்தார், "ரெண்டு மாசத்துல மொத காயம்! யாரும் தொடாதீங்க, இது எனக்கு!" என்று. ஆறாவது கொட்டையை எடுத்தபோது கரடி கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டது. என் முறைக்கு அன்று இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த மேசையில் என் ஆள்தான் பாலத்தைத் தாண்டவைத்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நான் கேட்காமலே ஒத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது வாத்தியார், "அடுத்த வாரம் ரெண்டரைக்கே ஆரம்பிக்கலாமா?" என்றார். மாப்பிள்ளை புத்தகத்தை மூடினார். என் மகள் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் பகடையைத் துடைத்துப் பையில் போட்டார்.

திங்கட்கிழமை நான் ஷெட்டுக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பரை மடியில் வைத்திருந்தேன். படிக்கவில்லை. மேலே அவர் நடப்பது கேட்டது. கம்ப்யூட்டர் நாற்காலி நகர்வது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அது எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. பத்து மணிவாக்கில் படியில் இறங்கி வந்தார்.

"மாமா, ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆள் இருக்கா?"

எனக்கு உடனே புரியவில்லை. "எந்த ஜன்னலு?"

"மாடியில. எல்லா ஜன்னலுக்கும். இத்தன நாளு சுருள் கொளுத்தி சமாளிச்சோம். ஒரு வருஷத்துக்கு எதுக்கு வலைன்னு விட்டுட்டேன்."

பேப்பர் நழுவியது. எடுக்கக் குனிந்தவன் நிமிர நேரம் எடுத்துக்கொண்டேன். முகத்தை அவர் பார்க்கக் கூடாது என்று.

"கம்பெனிக்கு?"

"காலையிலயே எழுதிட்டேன். இங்கேந்தே வரைஞ்சு தரேன், வேணும்னா வச்சுக்குங்க, வேணாம்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்னு." தோளைக் குலுக்கினார். "அந்த வாத்தியார் ரெண்டரைங்கிறாரு. எனக்கு மூணுதான் சரி. சொல்லிடணும்."

சமையலறையில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். குழம்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டாள், மறுபடி கிளற ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். நெஞ்சில் வாரம் முழுதும் உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிக் கால் வழியே போனது போல் இருந்தது. உடம்பு இவ்வளவு லேசாக இருந்தது மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான்.

ஆளெல்லாம் அப்புறம் கூப்பிடலாம், அளவு நானே எடுக்கிறேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். ஐம்பது வருஷமாக அளந்த கை. பெரிய ஜன்னலில் அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், நான் மறுமுனையை இழுத்து எண்ணை உரக்கப் படித்தேன்.

"தலைகீழா படிக்கிறீங்க மாமா" என்றார்.

படித்தால் என்ன. எனக்கு எண் சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. நீங்களே படியுங்கள் என்று டேப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல என் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏழு ஜன்னல்.